நாலு சுற்றுக்கு ஒன்று

என் பழைய டீசல் பிக்கப்பின் கியர் பாக்ஸ் தேய்ந்துவிட்டது. அதே பல்சக்கரக் கணக்குள்ள இன்னொன்றைத் தேடுவதற்காக, கும்பகோணத்தில் தனியாளாகப் பட்டறை நடத்திய மெக்கானிக்கிடம் போனேன். நரைத்த தாடி, வெளுத்த காக்கிச் சட்டை. பின்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி நிறுத்திவிட்டு, என்னை இன்ஜினைக் கையால் சுற்றச் சொன்னார். தான் வண்டிக்கடியில் படுத்து, சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டில் சாக்பீஸால் கோடு போட்டு, சுற்றுகளை உரக்க எண்ணினார்.

"மொத கியர்ல இன்ஜின் நாலு சுத்துக்கு ஷாஃப்ட் ஒண்ணுங்க."

"வீட்ல யாரு இருக்காங்க?" என்று சுற்றிக்கொண்டே கேட்டேன்.

"ஊர்ல தம்பி இருக்கான். குத்தகை நெலத் தகராறுல நான் வெவசாய சங்கத்துப் பக்கம், அவன் மிராசுதார் பக்கம். பதினோரு வருஷமாப் பேச்சில்ல."

நான்கு கியருக்கும் எண்ணி முடித்தாயிற்று. களத்தில் நெல் கிடந்ததால் எனக்கு அவசரம்.

"இன்னொரு தடவ எண்ணிப் பாத்துடலாமா?" என்றார்.

"கணக்குல சந்தேகமா?"

"இல்லீங்க, சரியாத்தான் இருக்கு." சாக்பீஸை அவர் கீழே வைக்கவில்லை.

நான் கிளம்பிவிட்டேன். பேச்சுத் துணைக்காகவாவது இன்னொரு முறை சுற்றிக் கொடுத்திருக்கலாம்.