சாட்சி சொன்ன பிறகு வீங்கிய கழுத்து

குளிருக்காக ஸ்கார்ப் கட்டும்போது இடது காதுக்குக் கீழே ஒரு கட்டி விரலில் பட்டது. நெல்லிக்காய் அளவு. வலி இல்லை. வலிக்காத எதையும் நாங்கள் நோய் என்று கணக்கில் எடுப்பதில்லை. குன்னூரில் பாதிப் பேர் கழுத்தை மூடிக்கொண்டுதான் திரிகிறார்கள். என் தையல் கடைக்கு வந்த ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

மாலைக் காய்ச்சலும் உடல் மெலிவும் சேர்ந்துகொண்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிக்குள் ஊசி விட்டுச் சிறிது எடுத்துச் சோதித்தார்கள். நிணநீர்க்கணுக் காசநோய் (கழுத்தில் கிருமிகளைத் தடுக்கும் சிறு முடிச்சுகளில் வரும் டிபி) என்றார் டாக்டரம்மா. இது இருமலில் பரவாது, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் குணமாகும் என்றார். மாத்திரை தொடங்கியதும் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். பயப்படாதீர்கள், அது மருந்தின் நிறம்.

சில வாரங்களில் காய்ச்சல் நின்றது. கட்டி சுருங்கிக் கைக்குத் தட்டுப்படாமல் போனது. எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனையில் பாட்டு முடிந்ததும் சாட்சி சொல்லும் நேரம் உண்டு. ஆண்டவர் தனக்குச் செய்ததை யாரும் எழுந்து சொல்லலாம். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நானும் எழுந்தேன். "கர்த்தர் என் கட்டியைக் கரைச்சுட்டாருங்க" என்றேன். சபை முழுக்க அல்லேலூயா சொன்னது. மாத்திரை இன்னும் பாதிக்கு மேல் மிச்சமிருந்ததை நான் சொல்லவில்லை. சாட்சியில் யாரும் மாத்திரையைப் பற்றிப் பேசுவதில்லை.

அடுத்த மாதமே கட்டி திரும்பி வந்தது. இந்த முறை எலுமிச்சை அளவு. தொட்டால் சூடு, வலி.

நோயைவிட வெட்கம்தான் என்னைத் தின்றது. எல்லோர் முன்னாலும் எழுப்பிவிட்டு முகத்தில் கரியைப் பூசிவிட்டாரே என்று ஆண்டவர் மேல் கோபம் வந்தது. "விசுவாசத்துல எங்கயோ ஓட்டை விழுந்திருச்சு போலங்க்கா" என்றாள் சபைச் சகோதரி ஒருத்தி, அக்கறையோடுதான். அந்த அக்கறையை அவள் வீட்டிலேயே வைத்துக்கொண்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் கடையைத் திறக்க ஆரம்பித்தேன். ஜெபிக்க உட்கார்ந்தால் 'ஸ்தோத்திரம்' என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை. ஒரு நாள் காலை மாத்திரையையும் நகர்த்தி வைத்தேன்.

என் கணவர் டீ ஃபேக்டரியில் வேலை பார்ப்பவர். ஜெபத்தில் பாதியிலேயே தூங்கிவிடுகிற ரகம். நகர்த்தி வைத்த மாத்திரையைப் பார்த்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்து கண்ணை மூடினார்.

"ஆண்டவரே, இவ உங்ககூடப் பேச மாட்டேங்கறா. அதனால நான் பேசறேன். எனக்கு ஜெபம் பண்ணத் தெரியாதுன்னு உங்களுக்கே தெரியும். இவளுக்கு மாத்திரை எறங்கணும். ஆமென்."

"ஏனுங்க, இதெல்லாம் ஒரு ஜெபமாங்க?"

"மொதல்ல முழுங்கு புள்ள. அப்புறம் அவர்கூட எவ்வளவு வேணாலும் சண்டை போட்டுக்க."

சிரிப்பு வந்துவிட்டது. விழுங்கினேன். அதன் பிறகு தினமும் அவர்தான் ஜெபித்தார். நம்பிக்கையை என் சார்பில் இன்னொருவர் பிடித்துக்கொண்டிருக்க முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரிக்கும் அவர்தான் இழுத்துப் போனார். டாக்டரம்மா மறுபடி ஊசி விட்டுச் சோதித்தார். முடிவு வந்த அன்று, "இது நோய் கூடுனதில்லைங்க. கிருமி செத்துட்டிருக்கு. செத்த கிருமியை உடம்பு எதிர்க்கறப்ப சிலருக்கு இப்படி வீங்கும். மருந்து வேலை செய்யுது, நிறுத்திடாதீங்க" என்றார்.

"அப்ப நான் சபையில பொய் சொல்லலீங்களா?" என்று கேட்டுவிட்டேன். பாவம், அவருக்கு என்ன புரியும்? "வடிஞ்சிரும்மா" என்றார். அங்கேயே அழுதேன். அப்படி ஒரு நிம்மதி.

உங்களுக்கும் இப்படி வீங்கினால் நீங்களாக முடிவெடுக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். ஜெபம் வரவில்லை என்றால் வீட்டில் யாரையாவது பண்ணச் சொல்லுங்கள். நன்றாகப் பண்ணத் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை.

வீக்கம் மெல்ல வடிந்தது. பட்டாணி அளவு ஒரு முடிச்சு மட்டும் தங்கிவிட்டது. அதனால் தொந்தரவில்லை என்கிறார் டாக்டரம்மா. முன்பெல்லாம் கழுத்து என்று ஒன்று இருப்பதே எனக்கு நினைவிருக்காது. இப்போது எழுந்ததும் கை அங்கே போகிறது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று அடுப்பைப் பற்றவைக்கிறேன். அடுத்த கிறிஸ்துமஸ்வரை திட்டம் போடுகிற பழக்கம் விட்டுப்போய்விட்டது.

மாத்திரை முடிந்த அன்று சாப்பாட்டுக்கு முன் அவர் கண்ணை மூடினார். "இருங்க, நான் பண்றேன்" என்றேன்.

"ஆண்டவரே, நாளைக்கு எப்படியோ தெரியாதுங்க. இன்னைக்கு நல்லா இருக்கேன்."

அவரிடமிருந்து ஆமென் வரவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தேன். அத்தனை மாதமும் எனக்காகப் பேசிய மனிதருக்கு அழுகையில் குரல் எழவில்லை. ஆமெனையும் நானே சொன்னேன்.