புள்ளி பூச்சியம், ஃபவுல் ஐந்து

அந்த ஆட்டத்தின் புள்ளித் தாளில் என் பேருக்கு நேரே இருந்தவை இரண்டே எண்கள். புள்ளி பூச்சியம், ஃபவுல் ஐந்து. பார்த்த எவனுக்கும் இவன் ஒரு முரடன், ஆள்மேல் விழுந்து விழுந்தே வெளியே அனுப்பப்பட்டவன் என்றுதான் தோன்றும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றதில் எனக்கே அப்படித்தான் தோன்றியது.

அறுபதுகளின் கடைசி அது. எல்கடுவப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர் வரிசை வீட்டில், இருந்தோம். மாத்தளை டவுனில் படித்து முடித்துவிட்டு நான் வீட்டில் சும்மா கிடந்தேன். ஆசைப்பட்டா கிடந்தேன்? தோட்டத்துத் தமிழர் எங்களுக்குப் பிரஜாவுரிமை இல்லை; அது இல்லாதவனுக்கு அரசாங்கக் கந்தோரின் வாசலில்கூட இடமில்லை. அப்பா இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். அவர் பிறந்ததும் இங்கேதான், நான் பிறந்ததும் இங்கேதான். எனக்குப் போக மனமே இல்லை.

மிஞ்சியிருந்த ஒரே வழி கூடைப்பந்து. கொழும்பில் ஒரு கம்பனி, நன்றாக ஆடுகிறவனுக்கு வேலை கொடுத்து வைத்துக்கொள்ளும். வேலை பேருக்கு, சம்பளம் ஆட்டத்துக்கு. அவர்கள் பிரஜாவுரிமைக் கடுதாசியெல்லாம் கேட்கமாட்டார்கள் என்று பேச்சு. அந்தக் கம்பனி டீம் எங்கள் டவுன் டீமோடு ஆட வருகிறது, ஆட்டத்தைப் பார்த்து ஒருவனை எடுத்துக்கொள்வார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் டீமில் புள்ளி போடுகிறவன் என் கூட்டாளி. யட்டவத்தையில் மிளகும் ஏலமும் வாங்கி விற்கிற முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை, நல்ல உயரம். கூடைக்கு இடப்பக்கம் போய் நிற்பான். நான் பந்தை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பேன். அவன் எங்கே நிற்கப்போகிறான் என்பது அவனுக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். கைதட்டெல்லாம் அவனுக்குத்தான் விழும். அன்றுவரை அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

ஆட்டம் பின்னேரம் தொடங்கியது. கம்பனி டீமில் பனைமரம் போல ஒருத்தன் இருந்தான். அவனைத் தடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது. தடுக்கத் தடுக்க விசில்தான். இடையில் என் கூட்டாளிக்குப் பந்து கொடுத்துக்கொண்டே இருந்தேன், அவனும் போட்டுக்கொண்டே இருந்தான். கூடைக்கு அடியில் தனியாக நின்ற நேரங்களில்கூட நான் எறியவில்லை. பழகிய கை கேட்கவில்லை, அவ்வளவுதான். ஐந்தாவது ஃபவுலோடு என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

ஆள் எடுக்க வந்த கம்பனி மனேஜர் அதற்குப் பிறகுதான் மைதானத்துக்கே வந்து சேர்ந்தார். இரத்தோட்டைப் பக்கம் ஒரு துரை பங்களாவில் விருந்தாம். தின்றுவிட்டு வர நேரமாகிவிட்டதாம். நான் தோளில் துவாயோடு ஓரத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்ததைத்தான் அவர் கண்டார்.

ஆட்டம் முடிந்ததும் புள்ளித் தாளை வாங்கி விரலை ஓட்டினார். விரல் என் கூட்டாளியின் பேரில் நின்றது. என் பேருக்கு வந்தபோது ஒரு சிரிப்பு.

"சேர், இவன் தந்த பந்துதான் எல்லாம்," என்றான் என் கூட்டாளி. பொய் சொல்லக்கூடாது, அவன் சொன்னான்.

"தாளில் அப்படி ஒன்றும் இல்லையே," என்று மனேஜர் அதை மடித்துக் கொடுத்துவிட்டார்.

தாளை எழுதியவர் அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்த்த ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். கோபத்தோடு அவரிடம் போனேன். "நான் என்ன செய்யிறது, தம்பி? போட்டவனுக்குத்தான் கட்டம் இருக்கு. குடுத்தவனுக்கு இதில கட்டம் இல்லை," என்றார். அவரிடம் என்ன சண்டை பிடிப்பது!

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். கொழுந்து பறித்த கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"அடுத்தவ கூடையில கொழுந்தப் போட்டுட்டு வந்து நின்னா, நமக்கு அரைப்பேரு, அரைநாள் கூலியாவது போடுவாங்களா? நிறுக்கிற எடத்துல யாரு கூடையில இருக்கோ, அவ கணக்குதான். இது தெரியாமலா இவ்வளவு படிச்ச?"

அம்மாமேல் எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. அவர் சொன்னதில் பிழை ஒன்றுமில்லை.

கூட்டாளி கொழும்புக்குப் போனான். திங்கட்கிழமைகளில் டவுனுக்கு இறங்கி, சலூனில் பேப்பரை வாங்கி விளையாட்டுப் பக்கத்தைத் தேடுவேன். கம்பனி டீமின் புள்ளிகளை ஆள்வாரியாகப் போட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் இருபதுக்குமேல் போட்டவன் அங்கே ஆறு போட்டான். பிறகு நாலு. அப்புறம் பூச்சியம். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. பிறகு அவன் பேரே வராமல் போனது. அந்தப் பக்கத்தை எத்தனை முறை பார்த்தாலும் அவன் பேர் இல்லை. அன்று மலையேறும்போது எனக்கு ஏனோ கால் வலித்தது.

எங்களுக்கு இந்தியாவுக்குப் போக உத்தரவு வந்தது. மாத்தளை ஸ்டேசனில் தகரப்பெட்டிகளும் அழுகையுமாக ஒரே கூட்டம். அங்கே அவன் வந்தான். வேலை போய், யட்டவத்தைக் கடையில் வாப்பாவோடு மிளகு நிறுத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னான். மெலிந்திருந்தான்.

"கொழும்புல எனக்குப் பந்தே வரல்ல மச்சான். நான் போய் நிப்பேன், பார்த்துட்டே நிப்பேன். ஒருத்தனும் தரல்ல."

அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். நாங்கள் ஏறிய கோச்சி புறப்பட்டதும் பிளாட்பாரத்தில் கூடவே ஓடி வந்தான். அவன் உம்மா கட்டிக் கொடுத்த சோத்துப் பார்சலைக் கையில் தர மறந்துவிட்டிருந்தான்.

"பிடி மச்சான்!" என்று எறிந்தான்.

நான் இரண்டு கையையும் ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன். பார்சல் எனக்கு ஒரு முழம் பின்னால் ஜன்னல் சட்டத்தில் பட்டு உடைந்து, தண்டவாளத்து ஓரமெல்லாம் சோறாகச் சிந்தியது. அவன் அதைப் பார்த்தபடி அங்கேயே நின்றுவிட்டான். அத்தனை வருசத்தில் அவன் எனக்குக் கொடுத்த ஒரே பந்து அது.