முற்றத்தில் தீ மூட்டக் கூடாது

விருந்தாளி ஆசையாகக் கேட்பதை இல்லை என்று சொல்லிவிட்டு, சிரித்த முகத்தோடு நிற்பதுதான் ஹோம்ஸ்டே வேலையில் பாதி. மலையூரான சித்திரபுரத்தில் அப்படி விருந்தாளிகள் தங்கும் வீடு ஒன்றை நான் பார்த்துக்கொள்கிறேன். கோடையில் புல் காய்ந்துவிட்டால், மழை வரும்வரை முற்றத்தில் கேம்ப் ஃபயர் கூடாது என்று எங்கள் பக்கம் உத்தரவு. சமையல் அடுப்புக்குத் தடையில்லை. வேடிக்கைத் தீக்குத்தான் தடை. இதை வாசலில் நின்று சொல்லிப் பார்த்தவர்களுக்கு என் பாடு புரியும்.

படம்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தேங்காய் வியாபாரி குடும்பத்தோடு வந்தார். பெட்டியை இறக்குவதற்குள் அவருடைய பெண்கள் முற்றத்துத் தீக்குழியைச் சுற்றி நாற்காலி போட்டுவிட்டார்கள். நான் தடையைச் சொன்னேன். காய்ந்த புல்லைக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டவர், போனில் எங்கள் விளம்பரத்தை எடுத்து நீட்டினார். கொழுந்துவிட்டு எரியும் நெருப்புக்குப் பக்கத்தில் பல்லெல்லாம் தெரிய நிற்பது நானேதான்.

“சரிங்க, மூட்ட வேண்டாம். அப்புறம் ஏனுங்க இந்தப் படத்தை இன்னும் எடுக்காம வெச்சிருக்கீங்க?”

பல்பு

முதலாளி ஒரு வழி கண்டுபிடித்தார். குழியில் விறகை அடுக்கி, அடியில் ஆரஞ்சு பல்பு. தூரத்திலிருந்து பார்த்தால் கங்கு மாதிரியே இருக்கும்.

மதுரையிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற டீச்சர், கண்ணாடியை அறையில் விட்டுவிட்டு வந்து, சால்வையை விலக்கி அதன் முன்னால் இரண்டு கையையும் நீட்டினார். உள்ளங்கையைத் தேய்த்துக் கன்னத்தில் வேறு வைத்துக்கொண்டார். மற்ற விருந்தாளிகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். டீச்சரும் என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, இன்னும் ரெண்டு கட்டை போடுங்களேன். உங்க ஊர் விறகு ரொம்ப ஈரம்.”

சரிவு

சென்னையிலிருந்து நான்கு நண்பர்கள். தீ கூடாது என்று சொல்லித்தான் சாவியையே கொடுத்தேன். சாயங்காலம் கோழி வாங்க நான் கடைவீதிக்குப் போன நேரம், தங்கள் ஜீப்புக்குப் பின்னால் தீ மூட்டிவிட்டார்கள். காற்று பொறியை அடித்துக்கொண்டு போய்ச் சரிவுப் புல்லில் போட்டது. கீழே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயம்.

நான் திரும்புவதற்குள் லயத்து ஜனங்களே பச்சைக் கிளையாலும் ஈரச் சாக்காலும் அடித்து அணைத்திருந்தார்கள். முதல் வீட்டுச் சுவர் கருகியிருந்தது. ஒருவருக்குக் கையில் கொப்புளம். என்னிடம் அதைக் காட்ட மாட்டேன் என்று துண்டால் மூடிக்கொண்டார். அந்த நால்வரில் ஒருவன் அழுகிற குரலில் சொன்னான்:

“எல்லா எடத்துலயும் மொதல்ல கூடாதுன்னுதான் சார் சொல்வாங்க, அப்புறம் விட்ருவாங்க. நீங்க நெசமாத்தான் சொன்னீங்கன்னு தெரியல.”

புகை

அதிலிருந்து எங்கே புகை தெரிந்தாலும் என் கால் ஓடும். ஒரு காலையில் லயத்துக்குப் பின்னால் புகை. வாளியோடு இறங்கினேன், யார், என்ன என்று கேட்கவில்லை, ஊற்றிவிட்டேன். சாம்பல் பறந்து அடங்கிய பிறகுதான் மூன்று கல்லும், அவற்றின் மேல் அண்டாவும் தெரிந்தன.

சத்தம் கேட்டுக் கொழுந்து பறிக்கிற ஜெயா வெளியே வந்தாள். அவள் மகள் முந்தின நாள்தான் குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாளாம். ஜெயா திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அணைந்த விறகைப் பார்த்தாள், என் வாளியைப் பார்த்தாள்.

“பிள்ளை பெத்த உடம்புண்ணே, வெந்நி ஊத்தணும். அதுக்குமா தடை?”

இந்தக் கோடை முழுக்க என் கையால் நான் அணைத்த ஒரே தீ, எரிந்திருக்க வேண்டிய தீ.