கராஜில் ஒரு வன்னி நூலகம்

அந்தக் குளிர்காலம் முழுக்க அப்பாவின் கார் வெளியே பனியில் நின்றது. காரணம், போர் முடிந்த இலங்கையில், வன்னியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள். அவர்களுக்கு நூலகம் வைத்துக்கொடுக்கச் சேர்த்த புத்தகப் பெட்டிகள் அமெரிக்காவில், நியூஜெர்சியின் பிரிட்ஜ்வாட்டரில் எங்கள் வீட்டுக் கராஜை அடைத்துக்கொண்டிருந்தன. அப்பா தினமும் காலையில் கார்க் கண்ணாடியில் உறைந்த ஐஸைச் சுரண்டிக்கொண்டே, "நல்லா வந்து வாய்ச்சுது லைப்ரரி" என்று முணுமுணுப்பார். அம்மா காதில் போட்டுக்கொள்ளவே மாட்டாள்.

எனக்கு அப்போது பத்து வயது. ஈரோட்டிலிருந்து வந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்ததால் தமிழ் இன்னும் கையில் இருந்தது. அக்காவுக்கு ஹைஸ்கூல் கடைசி வருஷம். காலேஜுக்கு அப்ளை பண்ணும் வருஷம் என்றால் எங்கள் பக்கத்துத் தமிழ் வீடுகள் பிரசவ வீடு மாதிரி ஆகிவிடும். சத்தம் கூடாது, விருந்தாளி கூடாது. அக்காவிடம் மார்க் இருந்தது, பரதநாட்டியம் இருந்தது, ஆனால் அது எல்லார் வீட்டுப் பிள்ளைகளிடமும்தான் இருந்தது. "சரி, உங்க பொண்ணு உலகத்துக்கு என்ன செஞ்சிருக்கா?" என்று காலேஜ் கவுன்சலர் கேட்டுவைத்தார். அம்மா அன்றைக்கே உலகத்தைத் தேடக் கிளம்பினாள்.

உலகம் கோயில் கேன்டீனில் கிடைத்தது. அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக உட்கார்ந்து தோசை சாப்பிடும் ஒருவரை நாங்கள் சிலோன் அங்கிள் என்று கூப்பிடுவோம். அவருடைய தங்கை அந்த வன்னிப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஷெல் விழுந்து நூலக அறை எரிந்துபோனதையும், பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அப்பா இல்லை என்பதையும் அவர் ஒருநாள் சாம்பார் ஆற ஆறச் சொன்னார். அம்மா பிடித்துக்கொண்டாள். அடுத்த வாரமே அக்கா ஓர் அமைப்பின் நிறுவனர் ஆகிவிட்டாள். அங்கிள் தங்கைக்குப் போன் பண்ணிப் புத்தகம் வருகிறது என்று சொல்ல, அங்கே பிள்ளைகள் கரி பிடித்த அந்த அறையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்துவிட்டார்களாம்.

இங்கே வீட்டுக்கு வீடு பெட்டி பெட்டியாக வந்து குவிந்தது. என்ன வந்தது? காலேஜில் சேர எழுதும் எஸ்ஏடி தேர்வுக்கான தடிப் புத்தகங்கள், பென்சிலால் விடை எழுதி முடித்த கணக்கு ஒர்க்புக்குகள், அட்டை போன கெமிஸ்ட்ரி கைடுகள். ஒரு ஆன்ட்டி, இன்டர்வியூவில் ஜெயிப்பது எப்படி என்ற புத்தகத்தில் நான்கு பிரதி கொடுத்தாள். நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு இன்டர்வியூ! அங்கிள் வந்து பார்த்துவிட்டு அம்மாவிடம் ரொம்ப நாசூக்காகச் சொன்னார்: "தங்கச்சி, அங்க சின்னப் பிள்ளையள். தமிழிலதான் வாசிப்பினம். கதைப் புத்தகம் எண்டால் நல்லம்."

"பார்த்துக்கலாம்ங்ணா" என்றாள் அம்மா. மறுவாரம் அவரே ஒரு பெட்டி கொண்டுவந்து வைத்தார். சென்னையிலிருந்து வரவழைத்த படக்கதைப் புத்தகங்கள், எல்லாம் தமிழ். அந்தக் கராஜிலேயே உருப்படியான பெட்டி அது ஒன்றுதான். கப்பலில் அனுப்பப் பக்கத்து ஊரான எடிசனில் ஒரு ஆளையும் பேசி வைத்திருந்தார். போட்டோ எடுக்கணும், லோகோ ஒட்டணும், அப்ளிகேஷன் முடியட்டும் என்று அம்மாதான் தள்ளிக்கொண்டே போனாள்.

டிசம்பர் கடைசியில் கவுன்சலர் அடுத்த குண்டைப் போட்டார். புத்தகம் சேர்த்தது போதாது, பயன்பெற்ற பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்பதும் வேண்டுமாம். அனுப்பாத புத்தகத்துக்கு யார் என்ன சொல்வார்கள்? அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். அம்மாதான் வழி கண்டுபிடித்தாள்.

"எப்படியும் அனுப்பத்தான போறோம்? அவங்க எழுதப்போறதை நாம கொஞ்சம் முன்னாடி எழுதிக்கிறோம், அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். தமிழ்ப் பள்ளியில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் நான்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினேன். அன்புள்ள அக்கா, நீங்கள் அனுப்பிய புத்தகங்கள் எங்கள் வாழ்வில் ஒளியேற்றின, நன்றி, நன்றி, நன்றி. அக்கா தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "இட்ஸ் டூ ஹேப்பி. அங்கிள் சொன்னார்ல, ஹாஃப் ஆஃப் தெம் அப்பா இல்லைன்னு? அதைப் போடு" என்றாள். போட்டேன். என் அப்பா குண்டு விழுந்து இறந்துவிட்டார், இப்போது புத்தகங்கள்தான் எனக்கு அப்பா. அந்த வரியைப் படித்ததும் அம்மாவுக்கு நிஜமாகவே கண் கலங்கியது. "எப்புடி கண்ணு உனக்கு இதெல்லாம் தோணுது!" என்று என்னை அணைத்துக்கொண்டாள். அந்த வீட்டில் அதுவரை யாரும் என்னை அப்படிக் கொண்டாடியதில்லை. யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள், அது ஒன்றுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பொங்கல் விழா மேடையில் அம்மா அந்தக் கடிதத்தை வாசித்தாள். ஹாலே எழுந்து நின்று கை தட்டியது. மூன்றாவது வரிசையில் சிலோன் அங்கிள். அவரும் கை தட்டினார். அவரே ஏமாந்துவிட்டார் என்றால் நான் எவ்வளவு நன்றாக எழுதியிருக்க வேண்டும் என்று எனக்கு ஒரே குஷி. பெட்டிகள் நியூஜெர்சியைத் தாண்டவில்லை என்பது எங்களைத் தவிர அங்கே அவர் ஒருவருக்குத்தான் தெரியும் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. வாயைத் திறந்தால் புத்தகம் போகாது என்பதும் தெரிந்திருக்கும்.

மார்ச் கடைசியில் அக்காவுக்கு அவள் கேட்ட காலேஜே கிடைத்தது. அடுத்த வியாழக்கிழமை, பழைய காகிதம் அள்ளும் ரீசைக்கிள் வண்டி வரும் நாள். அப்பாவும் அம்மாவும் பெட்டிகளைத் தெருவோரம் இழுத்து வைத்தார்கள். நானும் இரண்டு பெட்டி தள்ளினேன். கார் உள்ளே வந்தது.

அதற்கு அடுத்த சனிக்கிழமை அங்கிள் கையில் ஒரு கவரோடு வந்தார். கராஜில் நின்ற காரைப் பார்த்துவிட்டு, "அனுப்பியாச்சோ, தங்கச்சி?" என்று கேட்டார்.

"இல்லைங்ணா... எல்லாம் பழைய புக்ஸ், இடம் வேற இல்ல. அடுத்த வருஷம் புதுசாப் பண்ணிரலாம்."

"நான் கொண்டந்த பெட்டி?"

"அதுவும் அதோட சேர்ந்து போயிருச்சாட்ட இருக்குதுங்ணா. இருங்க, காபி போடறேன்" என்று அம்மா உள்ளே போய்விட்டாள். திரும்பி வர ரொம்ப நேரம் ஆயிற்று.

அங்கிள் கவரை என்னிடம் நீட்டினார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எழுதிய கடிதம், நாலைந்து கையெழுத்தில். இரண்டு அலுமாரி செய்தாயிற்று, மழை ஒழுகாத மூலையில் வைத்திருக்கிறோம். யானைக் கதை இருந்தால் அனுப்பவும். கப்பல் படம் போட்ட புத்தகம் ஒருவனுக்கு வேண்டுமாம். பெட்டி வரும் நாளைச் சொன்னால் சந்திக்கு வந்து நிற்போம். அவ்வளவுதான்.

தமிழ்ப் பள்ளிப் போட்டிக்கு நடுவர் மாதிரி நான் அதை இரண்டு முறை படித்தேன்.

"இதுல ஒரு தேங்க்ஸ்கூட இல்லையே அங்கிள்" என்றேன். "சோகமாவும் இல்ல. நான் எழுதினது இதைவிட நல்லாருந்துச்சு."

சொன்ன பிறகுதான் சத்தியம் ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, மடித்த மடிப்பிலேயே மடித்தார்.

"அப்ப, அந்தப் பிள்ளையின்ர தகப்பனைச் சாக்காட்டினதும் நீதானோ?"

எவ்வளவு உன்னிப்பாகக் கேட்டிருக்கிறார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. "ஆமா அங்கிள்" என்றேன். "அக்கா ஐடியா மட்டும்தான் குடுத்தா. எழுதினது நான்தான்."