ஏன் எடுத்தாய் என்று கேட்கக் கூடாது

"ஞாயித்துக்கிழமைன்னா லைப்ரரின்னு உங்க சித்தி சொல்றா. அங்க போய் என்ன பண்ணுவீங்க?" என்று சித்தப்பா என்னிடம் கேட்டார். சித்தியைக் கல்யாணம் செய்துகொண்டு அவர் எங்கள் வீட்டுக்கு வந்து அன்றோடு ஒன்பது நாள்.

"படிப்போம்" என்றேன்.

"எல்லாரும் ஒரே புத்தகத்தையா?"

"இல்ல சித்தப்பா, ஆளுக்கு ஒண்ணு."

"அப்புறம் படிச்சதைப் பத்திப் பேசிக்குவீங்களா?"

"அங்க பேசக் கூடாது."

செருப்பு வாரை இழுத்துக்கொண்டிருந்தவர் கையை எடுத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "பேசக் கூடாத இடத்துக்குக் குடும்பத்தோட எதுக்கும்மா போகணும்? ஆளுக்கொரு மூலையில வாயை மூடிட்டு உக்கார வீட்டுலயே இடம் இருக்கே?"

வந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

அவர் உள் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "சின்னவ வருவாளா?"

"அவதான் முதல் ஆளாக் கிளம்புவா."

"அங்க யாருமே யார்கிட்டயும் பேச மாட்டாங்க, இல்ல?"

"மாட்டாங்க."

"அப்ப நானும் வரேன்" என்றார். "அங்க அவ என்கிட்ட பேசலைன்னா யாருக்கும் வித்தியாசமாத் தெரியாது பாரு."

சின்னவள் என்றது சித்தியின் மகளை. ஒன்பது வயது. அவளுடைய அப்பா இறந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. புதிதாக வந்தவரை எப்படிக் கூப்பிடுவது என்று யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அதனால் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். அவர் கேள்வி கேட்டால் சுவரைப் பார்த்துத் தலையாட்டுவாள். சாப்பாட்டுக்கு அழைக்கச் சொன்னால் கதவை இரண்டு முறை தட்டிவிட்டு ஓடி வந்துவிடுவாள்.

சித்தப்பா குழாய் வேலைக்காரர். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, கட்டடத்தில் பைப் சுமக்கப் போய், முப்பது வருஷத்தில் ஊரில் பாதிக் குளியலறைகளுக்குள் நுழைந்து வந்தவர். இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்து முடிப்பதற்குள் அவருக்கு நாற்பத்து நான்கு ஆகிவிட்டது. சித்தி வேலை பார்க்கும் பள்ளி அலுவலகத்தில் தொட்டி நிரம்பி மாடிப்படி வழியாகத் தண்ணீர் இறங்கிய நாளில்தான் இருவருக்கும் பழக்கம். கல்லூரிக்காக வந்து, வேலை கிடைத்த பிறகும் சித்தி வீட்டிலேயே ஒட்டிக்கொண்டவள் நான்.

நூலகத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. யாரும் தனக்குப் புத்தகம் எடுக்கக் கூடாது. ஒருவர் இன்னொருவருக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். கொடுத்ததை அடுத்த ஞாயிறுக்குள் படித்தாக வேண்டும். ஏன் எடுத்தாய் என்று மட்டும் கேட்கக் கூடாது. சின்னவளுக்கு ஆறு வயதில் யாரோ அப்படிக் கேட்டு அவள் அழுததிலிருந்து சித்தி போட்ட சட்டம் அது. நாங்கள் மூவராக இருந்தவரை சுற்று சரியாக வந்தது. நாலாவது ஆள் சேர்ந்ததும் சித்தி புதுக் கணக்குப் போட்டாள்: அவள் மகளுக்கு, மகள் சித்தப்பாவுக்கு, சித்தப்பா எனக்கு, நான் சித்திக்கு.

முதல் ஞாயிறு ஜன்னலோர மேசையில் எங்களுக்கு எதிரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. சித்தப்பா அதில் உட்காரப் போகும்போது சின்னவள் தன் பையை எடுத்து அதன்மேல் வைத்தாள். அவர் எதுவும் நடக்காதது போலப் பின்னால் இருந்த மேசைக்குப் போய்விட்டார். அரைமணி கழித்து அவள் ஒரு பெரிய புத்தகத்தை அவர் முன்னால் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்தாள்.

எரிமலைகள். அதுவும் நானும் சின்னவளும் பள்ளியில் படித்த ஆங்கிலத்தில். அந்த மொழியில் சித்தப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் குழாய்மேல் அச்சடித்திருக்கும் அளவுகள்தான்.

மறுநாள் சாயங்காலம் சின்னவள் டியூஷனுக்குப் போனதும், கையைச் சோப்புப் போட்டு இருமுறை கழுவிவிட்டுப் புத்தகத்தோடு சமையலறைக்கு வந்தார். "படிச்சாகணும்னு சட்டமாமே. நீ படிச்சுச் சொல்லு, நான் கேட்டுக்கறேன்."

வரிவரியாகச் சொன்னேன். முடிந்ததும் கேட்டார், "நான் கோபக்காரன்னு சொல்றாளோ?"

"நீங்க கோபப்பட்டு நான் பாத்ததே இல்லையே."

"அதான் எனக்கும் புரியல."

இரண்டாவது வாரம் கழுதை வளர்ப்பு. அட்டையைப் பார்த்ததும் சித்தப்பா திருதிருவென்று விழித்தார். "எரிமலையாவது சுத்தி வளைச்சது. இது நேராவே சொல்லிட்டா." ஆனாலும் ஒழுங்காகக் கேட்டார். கழுதையைத் தனியாக வளர்க்கக் கூடாது, துணை இல்லாவிட்டால் தீனி எடுக்காமல் வாடிவிடும் என்று ஓரிடத்தில் வந்தது. "அதை இன்னொரு தரம் சொல்லு" என்றார். சொன்னேன். மேசை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது, கடலில் மூழ்கிய கப்பல்கள். நான்காவது, மனித எலும்புக்கூடு. எனக்கும் தலை சுற்றியது. நாலு புத்தகத்தின் பெயரையும் ஒரு தாளில் எழுதி, மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்துப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. சித்தியிடம் கேட்கலாம் என்றால், சட்டம் போட்டவளே அவள்தான்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் நானே சட்டத்தை மீறினேன். "சித்தப்பா, போன வாரம் எனக்கு ஏன் தேனீ வளர்ப்புச் சங்க விதிமுறைகளை எடுத்தீங்க?"

"தையல் உறுதியா இருந்துச்சும்மா. பிடிச்சு உலுக்கிப் பாத்தேன், ஒரு தாள்கூட ஆடல."

"அவ்வளவுதானா?"

"பின்னே?"

"அப்ப அவளும் அப்படி எதையாவது பாத்து எடுத்திருக்கலாம் இல்ல?"

யோசித்துப் பார்த்துவிட்டு இல்லையென்று தலையை ஆட்டினார். "நான் படிக்காதவன், உலுக்கிப் பாக்கறேன். அவ படிச்ச பொண்ணு. காரணமில்லாம கழுதையை எடுப்பாளா?"

ஐந்தாவது ஞாயிறு அவள் வைத்துவிட்டு வந்தது ஒரு வீட்டைக் குறுக்கே வெட்டிக் காட்டும் புத்தகம். தாளை விரித்தால் மேசை முழுக்க மாடி, சுவர், கம்பி, குழாய். சித்தப்பா குனிந்து விரலால் ஒவ்வொரு குழாயாகத் தடவிக்கொண்டு போனார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"ஐயையோ, இந்த வீட்டுல நாத்தம் தாங்காதே!" என்றார் வாய்விட்டு.

மொத்த அறையும் திரும்பியது. நூலகர் அம்மா மூக்குக்கண்ணாடியைக் கீழே தள்ளிப் பார்த்தார். எனக்குப் புத்தகத்துக்குள் நுழைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"ஏன் நாறும்?"

கேட்டது சின்னவள். சுவரைப் பார்த்து அல்ல, அவரைப் பார்த்து. கேட்டபிறகுதான் அவளுக்கே உறைத்திருக்க வேண்டும், உதட்டைக் கடித்துக்கொண்டாள். சித்தப்பா தான் எங்கே இருக்கிறோம் என்பதையே மறந்துவிட்டிருந்தார். "கை கழுவற தொட்டிக்குக் கீழே குழாய் ஒரு வளைவு வளைஞ்சு போகணும். அந்த வளைவுல எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கும். அந்தத் தண்ணிதான் கதவு. சாக்கடை நாத்தம் அதைத் தாண்டி வராது. இங்க பாரு, நேரா இறக்கிட்டான்!"

"படம் வரைஞ்சவருக்குத் தெரியாதா?"

"வரையறதுக்கு முன்னாடி ஒரு தடவை குனிஞ்சு பாத்திருக்கலாம்."

அவள் களுக்கென்று சிரித்தாள். நூலகர் அம்மா எழுந்து வந்து, "பேச்சு வெளியிலே" என்றார். இருவரும் ஒன்றாகத் தலை குனிந்துகொண்டார்கள். நூலகர் அம்மா போனதும், சின்னவள் ஐந்து வாரமாக எதிர் நாற்காலியில் வைத்துவந்த தன் பையை எடுத்துத் தரையில் வைத்தாள். சித்தப்பா முதலில் பையைப் பார்த்தார், பிறகு நாற்காலியை, பிறகு என்னை. நான் கண்ணைக் காட்டினேன். விரித்த தாளை மடிக்காமல் அப்படியே தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சித்தி தலையை நிமிர்த்தவே இல்லை. வெகுநேரம் பக்கமும் புரட்டவில்லை.

வீடு திரும்பும் வழியில் சின்னவள்தான் பேச்செடுத்தாள். "அந்தப் புத்தகங்கள்ல இருக்கறது உங்களுக்குப் படிக்கத் தெரியாதுல்ல? அதான் பெரிய பெரிய படமா இருக்கறதா எடுத்தேன். அந்த அலமாரியிலதான் படம் நிறைய."

"அப்படியா?" என்றார் சித்தப்பா. என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"ஆனா படம் மட்டும் பாத்தா பாதிதான் புரியும். மறுபடி எடுத்துட்டு வந்திருக்கேன். ஒவ்வொண்ணா நானே படிச்சுச் சொல்றேன்." அவள் பைக்குள்ளிருந்து கழுதை எட்டிப் பார்த்தது.

அன்று மத்தியானமே ஆரம்பித்துவிட்டாள். நான் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். விரலை வரிக்கு அடியில் வைத்துத் திக்கித் திக்கி மொழிபெயர்த்துக்கொண்டே வந்தவள், கழுதைக்குத் துணை வேண்டும் என்று வரும் அந்த இடத்தில் சொன்னாள்: "கழுதைக்குத் தனியா இருக்கத்தான் பிடிக்கும். கூட யாராவது வந்தா அது சரியாச் சாப்பிடாது."

அச்சில் இருந்ததற்கு நேர் எதிர். நான் வாயைத் திறந்தேன். சித்தப்பா அவளைப் பார்த்து, "ஓகோ!" என்று தலையாட்டினார். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

தெரியாமல் தப்பாகப் படித்தாளா, இல்லை தெரிந்தேதான் அப்படிச் சொன்னாளா? படம் பார்க்கத்தான் எடுத்தேன் என்றதாவது நிஜமா, வழியில் தோன்றிய சாக்கா? அன்றும் எனக்குப் புரியவில்லை, இன்றும் புரியவில்லை. ஏன் என்று கேட்கவும் எங்கள் வீட்டில் வழியில்லை.

மறுநாள் சாயங்காலம் வழக்கமான நேரத்துக்குச் சித்தப்பா சமையலறைக்கு வந்தார். கையில் புத்தகம் இல்லை. சின்னவளுடைய செருப்பு வாசலில் இல்லை என்று பார்த்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"நீ ஏற்கெனவே எல்லாத்தையும் எனக்குப் படிச்சுக் காட்டினதை அவகிட்ட சொல்லிடாதேம்மா" என்றார். "அப்புறம், அவ தப்பாப் படிச்சா நீ திருத்தாதே. கழுதை தனியாவே இருந்துட்டுப் போகட்டும்."