சலூனில் அடிக்காத மணி

போன செவ்வாய்க்கிழமை காலை சேலையூரிலிருந்து ஞானமுத்து அண்ணனின் மகள் ஸ்டெல்லா போன் செய்தாள். "அப்பா போயிட்டாரு சித்தப்பா" என்றாள். எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமலே அவரை அனுப்பிவிட்டேன். நேற்றைய இரங்கல் கூட்டத்தில் பேசிய எல்லோரும் வெந்து சுருங்கிப்போன அவரது வலது கையைப் பற்றிச் சொன்னீர்கள். அது எப்படி வெந்தது என்பது உங்களுக்குப் பாதிதான் தெரியும்.

தாம்பரம் ரயில்வே யார்டில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த சலூன் பெட்டி நினைவிருக்கும். வெள்ளைக்கார கவர்னர் ஒருவருக்காகத் தேக்கில் இழைத்துக் கட்டியது. படுக்கையறை, சாப்பாட்டு மேஜை, குளிக்கத் தொட்டி எல்லாம் உண்டு. பிறகு ராஜாக்கள் போனார்கள், மந்திரிகள் போனார்கள், கடைசியில் அதிகாரிகள் வசம் வந்தது. எண்பதுகளில் அது வருஷத்துக்கு இரண்டு முறை நகர்ந்தால் அதிகம். அதன் அட்டெண்டர் அண்ணன். விளக்கும் விசிறியும் பார்க்கும் எலக்ட்ரீஷியன் நான். ஒரு ராணி மதுரை வரும்வரை ஜன்னல் திரையை விலக்கவே இல்லை என்று கூட இருந்து பார்த்தவர் மாதிரி அண்ணன் கதை சொல்வார். "ஒக்காந்தவங்க பேரெல்லாம் தெரியும். இந்தச் செவுத்துக்குள்ள இன்னா கீதுன்னுதான் எவனுக்கும் தெரியாது" என்பார்.

எந்த அறையில் பொத்தானை அழுத்தினாலும் சமையலறையில் மணி அடிக்கும், அந்த அறைக்கான சிவப்புத் தகடு விழும். ஒரு மழைநாள் மத்தியானம், பூட்டிக் கிடந்த பெட்டிக்குள் மணி அடித்தது. திறந்து பார்த்தால் படுக்கையறைத் தகடு விழுந்திருந்தது. அடுத்த வாரமும் அப்படியே. ராணிதான் கூப்பிடுகிறாள் என்று பேச்சு கிளம்பியது. யாரோ வாசலில் எலுமிச்சம்பழம் கட்டினார்கள். அண்ணன் மட்டும் கட்டிலின் தலைமாட்டுப் பலகையை முகர்ந்து பார்த்தார்.

"ராணியும் இல்ல, பேயும் இல்ல. லைட்டு வயரும் மணி வயரும் தோலு உரிஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டுது. என்னிக்கினா பத்திக்கும். பலகையைப் பிரிச்சுப் பாரு தம்பி" என்றார்.

அதற்குள் ஓர் அதிகாரி தன் குடும்பத்தோடு விழுப்புரம் போக மூன்று நாளில் பெட்டி வேண்டும் என்றார். புது வார்னிஷும் அடித்தாகிவிட்டது. "பலகையெல்லாம் அப்புறம் பிரிக்கலாம். அந்த மணிச் சத்தம் மட்டும் வரக் கூடாது, குழந்தைங்க பயந்துடும்" என்று என்னிடம் சொன்னார். சமையலறையில் மணிக்கும் தகட்டுக்கும் போகும் வயரை வெட்டினேன். இரண்டு நிமிஷ வேலை. அண்ணன் கேட்டபோது, பலகையைப் பிரித்துச் சரிசெய்துவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

வண்டி புறப்பட்டபோது அண்ணன் மணிக்குக் கீழேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாராம். மணி அடிக்கவில்லை. வண்டலூரைத் தாண்டும்போது படுக்கையறைக் கதவின் அடியில் புகை வந்தது. உள்ளே இரண்டு குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எரிந்து சாய்ந்த பலகையை வலது கையால் தாங்கிக்கொண்டு, இடது கையால் இரண்டு பேரையும் இழுத்து வெளியே தள்ளியிருக்கிறார்.

மணி அடித்ததைக் கவனிக்காமல் இருந்தார் என்று விசாரணையில் எழுதினார்கள். அவர் மறுக்கவில்லை. அதன் பிறகு வந்திருக்க வேண்டிய பிரமோஷனும் வரவில்லை.

விசாரணைக்கு முன்பே, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் கரிந்த சலூனுக்குள் தனியாகப் போய்வந்தார். என் உள்ளங்கையில் ஒரு வயர்த் துண்டை வைத்தார். கத்தரித்த முனை பளபளவென்று இருந்தது.

"எனக்குக் கைதான் போச்சு. ஒனக்கு ரெண்டு பொண்ணு கீது, வேலையாவது இருக்கட்டும். பசங்க பொழச்சுதுங்க, அது போதும்" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. எடுத்துவிடுவாரோ என்று நான்தான் ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டிருந்தேன்.

அந்த வயர்த் துண்டு என்னிடம் இருக்கிறது. அதன் முனை இப்போது கறுத்துவிட்டது. ஸ்டெல்லா, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வருகிறேன். உன் அப்பா அன்று வண்டலூர் வரைக்கும் காதைத் தீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். மணி அடிக்கவில்லை. அதை அடிக்கவிடாமல் செய்தவன் நான்.