மணிக்கட்டுக்கு ஒரு சோனோகிராபி

தீபாவளி முடிந்த வாரம் வலது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக, வலி பிடித்துக்கொண்டது. தோசைக் கரண்டியைத் தூக்கினாலே சுரீர் என்றது. என் கணவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "எல்லாம் அந்த ஸ்கூட்டரால வந்தது. ஆக்சிலேட்டரத் திருகித் திருகியே நரம்பு பிசகிடுச்சு. வண்டிய வித்துடலாம்" என்றார்.

வலியைவிட அந்தக் கடைசி வார்த்தைதான் எனக்குக் கசந்தது. ஐம்பதை நெருங்குகிற வயதில், இந்த மராட்டி ஊரின் நிக்டி மைதானத்தில் விழுந்து எழுந்து கற்றுக்கொண்ட வண்டி அது. அதற்கு முன்னால், தேஹு ரோட்டில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போவதென்றால்கூட இவருக்கு எப்போது ஒழியும் என்று காத்திருப்பேன். இல்லாவிட்டால் ஷேர் ஆட்டோவில் தொத்திக்கொண்டு போவேன். இப்போது நினைத்த நேரத்துக்குக் கிளம்புகிறேன். இவருக்கு அது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. ஒரு சாக்குக்காகக் காத்திருந்தார், அதை என் கையே கொடுத்துவிட்டது.

எலும்பு டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, தசைநார் கிழிந்திருக்கிறதா என்று தெரிய வேண்டும், சோனோகிராபி எடுத்து வாருங்கள் என்றார். "கிழிஞ்சிருந்தா வண்டிய மறந்துடு" என்று இவர் வாசலிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். பதிலுக்குப் பதில் பேசுகிறவள்தான் நான். அன்றைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நடந்தேன். பயந்து போயிருந்தேன்.

சோனோகிராபி என்றால், மகள் வயிற்றில் இருந்தபோது, முட்ட முட்டத் தண்ணீர் குடிக்கவைத்து எடுத்தது ஒன்றுதான் எனக்குத் தெரியும். அதனால் வீட்டிலிருந்து கிளம்பும்போதே பெரிய பாட்டில் தண்ணீரைக் குடித்து முடித்திருந்தேன். ஸ்கேன் சென்டரில் நான் நெளிவதைப் பார்த்து, கவுண்டரில் இருந்த பெண், "ஆன்ட்டி, ஹாத் கே லியே பானி நஹீ லக்தா" என்று சிரித்தாள். கைக்கு எதற்குத் தண்ணீர் என்று இவரும் சேர்ந்து சிரித்தார். பாட்டிலை நிரப்பிக் கொடுத்தவரே அவர்தான்.

ஸ்கேன் டாக்டர் என் வயது மராட்டிக்காரப் பெண்மணி. மணிக்கட்டில் ஜில்லென்று ஜெல்லைத் தடவி, கருவியை அதன்மேல் வைத்து, கட்டைவிரலை ஆட்டச் சொன்னார். திரையில் ஒரு சாம்பல் நிறப் பட்டை முன்னும் பின்னும் வழுக்கிப் போனது. அதுதான் தசைநாராம். என் கைக்குள் இப்படி ஒரு போக்குவரத்து நடப்பது இத்தனை வருஷமாக எனக்கே தெரியாது. வலியை மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கிழியவில்லை, அதைச் சுற்றியிருக்கும் உறை வீங்கியிருக்கிறது என்று டாக்டர் இந்தியில் சொன்னதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இவர் விடுவதாக இல்லை. "யே ஸ்கூட்டர் சலாதீ ஹை, மேடம்" என்று, நான் ஸ்கூட்டர் ஓட்டுவதைப் புகாராகக் கொடுத்தார். டாக்டர் ஒரு துண்டைச் சுருட்டி என் கையில் கொடுத்து, எப்படி ஓட்டுவீர்கள், காட்டுங்கள் என்றார். படுக்கையில் உட்கார்ந்தபடியே தேஹு ரோடு வரைக்கும் ஓட்டிக் காட்டினேன். பட்டை தடங்கலில்லாமல் ஓடியது. வலியே இல்லை. அப்படியானால் தீபாவளிக்கு வேறு என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார்.

முறுக்குப் பிழிந்தேன். கட்டடத்தில் எல்லா வீட்டுக்கும் கொடுத்தது போக, இவருக்கென்று தனியாக ஒரு டின். மேலே கைப்பிடியைச் சுற்றுகிற பித்தளை அச்சு என்னுடையது. அதையும் காட்டச் சொன்னார் டாக்டர். கட்டைவிரலை மடக்கித் துண்டைச் சுற்றினேனோ இல்லையோ, உயிர் போய்விட்டது. திரையில் பட்டை வீங்கிய இடத்தில் மாட்டிக்கொண்டு நின்றது.

"மில் கயா", கிடைத்துவிட்டது என்றார் டாக்டர். வலி குறைந்ததும் வண்டி ஓட்டலாமாம். "ஸ்கூட்டர் சலேகா. சக்லி பந்த்."

சக்லி என்றால் முறுக்கு என்பது இந்த ஊரில் இவருக்குத் தெரியாததா? முகம் தொங்கிவிட்டது. "தோடா ஸா பீ நஹீ?" என்று, கொஞ்சம்கூடப் பிழியக் கூடாதா எனக் கெஞ்சிக்கூடப் பார்த்தார். டாக்டர் தலையை ஆட்டிவிட்டார்.

லிஃப்டில் இறங்கும்போது மெதுவாக ஆரம்பித்தார். "ஏம்மா, அந்த அச்ச இடது கையால சுத்த வராதா உனக்கு?"

"வராதுங்க. இனிமே நீங்க சுத்துங்க. கை சரியானதும் நான் வண்டியில போய் மாவு அரைச்சுட்டு வரேன்."